குடும்பக் கதை மட்டுந்தானா?

லொரெய்ன் ஹன்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ 1959 மார்ச் 11ஆம் திகதி நியூயோர்க்கின் பிராட்வேயில் அரங்கேறியது. கறுப்பினப் பெண்ணொருத்தியின் நாடகம் அங்கு ஏறியது அதுவே முதன்முறை. அதனை மெச்சிய விமர்சகர் பலர், இது எந்தக் குடும்பத்துக்கும் பொருந்தும் பொதுக்கதை என்றனர். இப்புகழுரையை நாம் ஏற்கமாட்டோம். நாடகத்தின் பல்லைப் பிடுங்கிவிட்டுப் பாராட்டும் வேலை இது.

லீனாவைப் போன்ற தாயர் எங்கும் உளர்; மறுக்கவில்லை. ஆனால், சிக்காகோவின் தென்பகுதியில் அவள் குடும்பம் வாழும் வாழ்வு எங்கும் உளதா? பேரனுக்குச் சோபாவே படுக்கை. குளியலறையோ அயலாருடன் பங்கு. இறந்த கணவனின் காப்புறுதிப் பணம் 10,000 டொலர் வருகிறது. அதில் 3,500ஐ முற்பணமாகக் கட்டி, வெள்ளையர் பகுதியில் வீடு வாங்குகிறாள் லீனா. வெள்ளையரோடு ஒட்டி உறவாடும் ஆசையாலா? இல்லை, கறுப்பருக்கென ஒதுக்குப்புறத்திற் கட்டிய வீடுகளுக்கு இருமடங்கு விலை! இனவெறி இங்கே வெறும் வெறுப்பன்று, வியாபாரம். கணவன் மனைவி பிணக்கும், வயிற்றிலுள்ள கருவைக் கலைக்க மருமகள் ரூத் எண்ணுவதும் இந்த நெருக்கடியிற் பிறந்தவையே.

வெள்ளையரின் தூதனாக வரும் லிண்ட்னர் கத்தியோடு வரவில்லை, கைப்பையோடு வருகிறான். குடிவராதிருந்தாற் பணம் தருவார்களாம்! மீதிப் பணத்தை நண்பனை நம்பிப் பறிகொடுத்த மகன் வால்ட்டர், அந்தக் காசுக்குக் கைநீட்டவும் துணிகிறான். தன் சிறு மகன் பார்த்து நிற்க, அவனால் அது முடியவில்லை. குடும்பப் பாசமும் இனமானமும் ஒன்றாகும் இவ்விடத்தில், எதை நீக்கி எதை மெச்சுவது?

இது கற்பனைச் சரக்குமன்று. ஆசிரியையின் தந்தை 1937இல் சிக்காகோவில் இத்தகைய பகுதியொன்றில் வீடு வாங்கினார். வெறிக்கும்பல் எறிந்த கல் சிறுமி லொரெய்னை மயிரிழையிற் தவறியது. 1940இல் உச்ச நீதிமன்றத்தில் அவர் வென்றபோதும், கறுப்பருக்கு வீடு விற்பதைத் தடுத்த ஒப்பந்தங்கள் வீழவில்லை. நீதிமன்றங்கள் அவற்றை நிறைவேற்றலாகாது என்ற தீர்ப்பு வர 1948 ஆயிற்று.

இன்னொன்று. கறுப்பர் வீட்டில் குண்டு வீசப்பட்ட செய்தியோடு அயல்வீட்டு ஜோன்சன் அம்மாள் வரும் காட்சி, பிராட்வே மேடையேற்றத்தில் வெட்டப்பட்டது. குண்டை மறைத்தால் புதுவீடு போதல் மங்கல முடிவாகத் தோன்றாதா? பிற்காலப் பதிப்புகள் அதனை மீட்டுள்ளன. பொதுமை பேசுவோர் அக்காட்சியையும் மேடையேற்றிவிட்டுப் பேசட்டும்.