சூட்கேஸைக் கொடுத்தது யார்?

2010 ஏப்ரல். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா விமான நிலையத்தில் ஒரு பெண்ணின் சூட்கேஸைப் பிரித்தார்கள் அதிகாரிகள். உள்ளே மறைத்து வைக்கப்பட்டிருந்தது 2.6 கிலோ ஹெராயின். அந்தப் பெண், பிலிப்பைன்ஸைச் சேர்ந்த மேரி ஜேன் வெலோசோ. வயது 25. ஊரில் இரண்டு சின்னஞ்சிறு மகன்கள்.

வீட்டு வேலை கிடைக்கும் என்று தெரிந்தவர் சொன்னதை நம்பி மலேசியா போனவர் அவர். அங்கே போனதும், வேலை இல்லை என்று கைவிரித்து, சில நாள் இந்தோனேசியா போய் வரும்படி சூட்கேஸ் ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள் என்பது அவர் தரப்பு. விசாரணை நடந்தது இந்தோனேசிய மொழியில். மொழிபெயர்ப்பாளர் பேசியதோ ஆங்கிலம். மேரி ஜேனுக்கு அதுவும் அரைகுறை. அதே ஆண்டு அக்டோபரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

2015 ஏப்ரல் 28. நுசகம்பங்கன் சிறைத் தீவில் ஒன்பது பேரைச் சுட எல்லாம் தயார். பிள்ளைகள் அம்மாவிடம் விடைபெற்றுக்கொண்டு போய்விட்டார்கள். அன்றுதான் பிலிப்பைன்ஸில், மேரி ஜேனை வேலைக்கு அழைத்துப்போன பெண் போலீஸில் சரணடைந்தார். 'அந்த வழக்குக்கு மேரி ஜேனின் சாட்சியம் வேண்டும்' என்று பிலிப்பைன்ஸ் அரசு கேட்க, கடைசி நேரத்தில் தண்டனை தள்ளிவைக்கப்பட்டது. அதற்குள் மணிலாவில், அவர் இறந்துவிட்டதாகவே செய்தி அச்சாகியிருந்தது!

நள்ளிரவு தாண்டியதும் மற்ற எட்டுப் பேரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏழு பேர் வெளிநாட்டவர். சிறையிலேயே ஓவியம் கற்ற, இலங்கைத் தமிழ் வம்சாவளி ஆஸ்திரேலியர் மயூரன் சுகுமாரனும் அதில் ஒருவர்.

போதைப்பொருள் எத்தனையோ குடும்பங்களை அழிக்கிறது. கடுமையான தண்டனை வேண்டும் என்று அரசுகள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால், விமான நிலையத்தில் சிக்குவது பெரும்பாலும் பெட்டி தூக்கி வருபவர்தான். கொடுத்து அனுப்பியவர் யார் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சியும் அவர்தான். அவரைச் சுட்டுவிட்டால், அனுப்பியவர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்.

சரணடைந்த அந்தப் பெண்ணுக்கு, வெளிநாட்டு வேலை ஆசை காட்டி வேறு சிலரை ஏமாற்றிய வழக்கில் 2020-ல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2024 டிசம்பர் 18 அன்று மேரி ஜேன் தாய்நாட்டுச் சிறைக்கு மாற்றப்பட்டார். அவர் வந்து சேர்ந்த நாளில், வளர்ந்து ஆளாகிவிட்ட இரண்டு மகன்களும் சிறைக்கே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள்.

சரணடைந்தவர் ஒரே ஒரு நாள் தாமதித்திருந்தால்?