காட்டுவழிக்கு ஒரு பை



கதிர்காமத்து ஆடித் திருவிழா நெருங்கினால் எங்கள் மண்டைதீவிலும் நேர்த்திக்கடன் பேச்சுத் தொடங்கிவிடும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து முழுத்தூரமும் நடக்க ஒன்றரை மாதமளவு செல்லும். அத்தனை நாள் வீட்டை விட்டு நிற்க முடியாத பெண்கள் உகந்தை முருகன் கோயில்வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து குமண, யால காடுகளூடாக ஐந்தாறு நாள் நடக்கிறார்கள். கடினமான பகுதியும் அதுதான்.

போன வருடம் புறப்பட இருந்த ஆறு பேரைக் கூட்டி, பைகளை அவிழ்த்துப் பார்த்தோம். ஓர் அம்மாவின் பையைத் தூக்கவே முடியவில்லை. பித்தளைச் செம்பு, நாலு சேலை, தேங்காய், கற்பூரம், 1990இல் காணாமற்போன மகனின் படம். சீனி வருத்தக் குளிசை மட்டும் இல்லை.

"முருகன் பாப்பான் பிள்ளை" என்றார்.

நான் வாதாடவில்லை. படம் இருக்கட்டும், செம்பையும் இரண்டு சேலையையும் எடுப்போம் என்றேன். அந்த இடத்தில் பத்து நாள் குளிசை, கிளினிக் கொப்பி, பனங்கட்டி வைத்தோம். குளிசை போடுபவர்கள் வழமையை விட அதிகம் நடந்தால் சீனி திடீரென இறங்கலாம். கை நடுங்கி வியர்த்தால் உடனே இனிப்பு வாயில் போட வேண்டும். குளிசையின் அளவை மாற்றுவதா என்று புறப்படமுன் வைத்தியரிடம் கேளுங்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான்: இரண்டு போத்தல் தண்ணீர், ஜீவனி, அவல், ரோர்ச் லைற், விசில், அடையாள அட்டை. புதுச் செருப்பு வேண்டாம், பழகியதே நல்லது. யானை நடமாடும் காடு. இரவில் ஒதுங்கப் போவதென்றாலும் இருவராகப் போங்கள்.

இளம்பெண்கள் வாய்திறந்து கேட்காத ஒன்று உண்டு. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் குளிசையை வைத்தியரைக் கேளாமல் போடாதீர்கள்; முன்பு கால் நரம்பில் இரத்தம் கட்டியவர்களுக்கு அது ஆபத்து. நாள் இல்லையென்றாலும் நப்கின் வையுங்கள், அலைச்சலில் நாள் மாறிவரும். பாவித்ததைக் காட்டில் எறியாமல் கொண்டுவர ஒரு பையும் வேண்டும்.

அந்த அம்மா திரும்பி வந்ததும் பார்க்கப் போனேன். இரண்டாம் நாள் நடுக்கம் வந்து பனங்கட்டி சாப்பிட்டாராம். கும்புக்கன் ஆற்றைக் கடக்கையில் பை முழுக்க நனைந்துவிட்டதாம்.

"படத்தைப் பொலித்தீனில சுத்தினனான் பிள்ளை. குளிசையையும் அதுக்குள்ளதான் வைச்சனான்" என்றார்.