டிரக்கைத் தூக்கும் முன்...

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருக்கும் பலருக்கு ஓர் ஆசை உண்டு. வண்டியை 4 அங்குலம் உயர்த்தி, பெரிய டயர் போட வேண்டும். அதற்கான 'லிஃப்ட் கிட்' பெட்டியில் வீட்டுக்கே வந்துவிடும். மெக்கானிக் கூலியோ யானை விலை. அப்புறம் என்ன, சனிக்கிழமை காலை வீட்டு வாசலிலேயே சஸ்பென்ஷனைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள்.

தப்பில்லை. ஆனால் 'நாம் தயாரா' என்று பார்க்க அவர்கள் எண்ணுவது பெரும்பாலும் ஸ்பேனர்களைத்தான். வேலை பாதியில் நின்றால் என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் குறைவு.

மிச்சிகன், ஒஹாயோ பக்கம் பனிக்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள். பத்து வருடம் ஓடிய வண்டியின் அடியில் போல்ட்டெல்லாம் துருவேறி, புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிப் போயிருக்கும். சில சுழலும், வெளியே வராது. சிலவற்றின் தலை முறியும். அறுத்து எடுத்தால் புது போல்ட்டும் புது புஷ்ஷும் வேண்டும். ஞாயிறு சாயங்காலம் அது கிடைக்காவிட்டால் திங்கள் காலை வேலைக்கு எதில் போவது? பல ஊர்களில் பஸ் என்ற ஒன்றே கிடையாது! ஒரு வாரம் முன்பே துரு இளக்கும் எண்ணெய் அடித்து, ஒவ்வொரு போல்ட்டும் அசைகிறதா என்று பார்த்து மறுபடி முறுக்கிவைத்தால் பாதி பதில் தெரிந்துவிடும். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவருக்கு மீதி வேலைக்கும் பொறுமை இருக்காது.

அடுத்தது உயிர் விஷயம். முன்பக்க ஸ்ட்ரட்டில் காயில் ஸ்பிரிங் அமுங்கிய நிலையில் உட்கார்ந்திருக்கிறது. அதை கம்ப்ரஸரில் பிடிக்காமல் உச்சியின் நடு நட்டைக் கழற்றினால் குண்டு மாதிரி பாயும். எந்த நட்டைத் தொடக்கூடாது என்று தெரியாதவர் அந்த ஒரு வேலையை மட்டும் பட்டறையில் கொடுத்துவிடலாம். அதில் கௌரவக் குறைச்சல் ஏதுமில்லை. ஸ்டாண்டு முட்டுக் கொடுக்காமல், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பூட்டுவதிலும் சங்கதி இருக்கிறது. லீஃப் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் யூ போல்ட் புதிதாக வேண்டும். புஷ் போல்ட்டுகளின் கடைசி முறுக்கு, வண்டி தரையில் நிற்கும்போதுதான். இல்லையென்றால் ரப்பர் சீக்கிரம் கிழியும். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று ஸ்டியரிங்கை இருபுறமும் திருப்பிப் பார்க்க வேண்டும். அதன்பின் நேரே அலைன்மென்ட் கடைக்கு. சில நூறு மைல் ஓடியதும் டார்க் ரெஞ்சோடு மறுபடியும் அடியில் படுக்க வேண்டியிருக்கும்.