அருளும் முயற்சியும்

ஞானஸ்நானத்தில் நாம் பெற்ற அருள் ஒரு விதை. அது விளைய நம் உழைப்பும் வேண்டும். ஆரணியாற்றில் வெள்ளம் வருவது இறைவன் கொடை. ஏரிக்கரையைப் பேணாத ஊருக்கு அது பயன்படாமல் பழவேற்காடு நோக்கி ஓடிவிடும்.

புனித தேவசகாயம் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். சிறையிலும் சித்திரவதையிலும் ஜெபத்தால் உறுதிபெற்று, பொறுமை காத்து, 1752இல் காற்றாடிமலையில் வேதசாட்சியானார். 2022இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அவர் துறவியல்லர், இல்லறத்தார். ஆகவே, புனிதம் கன்னியர் மடத்துக்கே உரியது என்று நாம் ஒதுங்க இயலாது.

ஆண்டுத் தியானத்தில் கண்ணீர் விட்டு, மறுநாளும் தோழியோடு பேசாதிருந்தால் நாம் வளர்ந்தவர்களா? முதலில் சென்று பேசும் மனத்திடனை ஜெபத்தில் கேட்போம். கேட்டபின் எழுந்து நடப்போம்.