விண்டேஜ் இல்லீங்க, அது வண்டி

போன மாசம் ஒரு கல்யாணத்துல மாட்டிக்கிட்டேன். சாப்பிட்டுட்டு வெளியே வந்து பார்த்தா என் வண்டியைச் சுத்தி நாலு பேர். அதுல ஒருத்தர் அம்மா வழியில தூரத்துச் சொந்தம், எனக்கு மாமா முறை. "மாப்ளே, இதைத் தினமுமா ஓட்டற?" "ஆமா மாமா." "அறிவிருக்காடா உனக்கு? இது விண்டேஜ்! விண்டேஜ் நம்பர் வாங்கி, பாலிஷ் போட்டு, கவர் போட்டு மூடி வெச்சா இன்னும் பத்து வருஷத்துல லட்சக்கணக்குல போகும். இதைப் போய்க் காலேஜுக்கு ஓட்டி நாசம் பண்றியே!"

பாயசம் நல்லா இருந்ததால அங்கே சண்டை போடலை. இங்கே போடறேன்.

வண்டி 1974 மாடல் புல்லட் 350. தாத்தா வாங்கினது. துறைமுகத்துல வேலை பார்த்தார், வீடு திருவொற்றியூர். இந்தப் புல்லட் பிறந்த ஊரும் அதுதான். இங்கிலாந்துல அந்தக் கம்பெனி 1970-ல மூடிக்கிட்டுப் போயிடுச்சு. 1955-ல ஆரம்பிச்ச நம்ம ஊர்க் கம்பெனி மட்டும் அதே வண்டியைப் பண்ணிக்கிட்டே இருந்தது. ஏன் பிழைச்சது தெரியுமா? யாரும் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கலை. பட்டாளத்துக்காரங்க ஓட்டினாங்க, போலீஸ்காரங்க ஓட்டினாங்க, எங்க தாத்தா மாதிரி ஆளுங்க டிபன் பாக்ஸை மாட்டிக்கிட்டு வேலைக்கு ஓட்டினாங்க. தாத்தா வாயில ஒரு நாளும் 'விண்டேஜ்'னு ஒரு சொல் வந்ததில்லை. "வண்டியை எடுடா", "வண்டியைத் துடைடா", அவ்வளவுதான்.

1974-லேர்ந்து 2012 வரைக்கும் ஓட்டினார். 2001-ல ரிடையர் ஆன பிறகும் மார்க்கெட்டுக்கு, கோயிலுக்கு, பென்ஷன் வாங்கன்னு நிறுத்தாம ஓட்டினார். இந்த முப்பத்தெட்டு வருஷத்துல இஞ்சினைப் பிரிச்சு போர் போட்டது ஒரே ஒரு தடவை. ரிங் மாத்தினது ரெண்டு தடவை. எல்லாம் அவர் நோட்டுல எழுதி வெச்சிருக்கார், தேதியோட, மெக்கானிக் கூலியோட.

2012-ல தாத்தா போயிட்டார். அப்பா வண்டியைப் பத்திரமா வெச்சார். நிஜமாவே பத்திரமாத்தான்: கீழே சாக்கு, மேலே தார்ப்பாய். ஒன்பது வருஷம். 2021-ல ஊரடங்கு தளர்ந்த சமயம் நானும் பாயும் (எங்க தெரு மெக்கானிக்) அதை வெளியே இழுத்தோம். கிக்கர் அசையலை. பிஸ்டன் சிலிண்டரோட ஒட்டிக்கிட்டு இருந்தது. டேங்க் உள்ளே ஒரே துரு, சாய்ச்சா மண்ணு மாதிரி கொட்டிச்சு. கார்புரேட்டர் ஜெட்ல பிசின் மாதிரி ஏதோ. ரப்பர்னு பேர் சொல்ற எல்லாமே விரலால கிள்ளினா உதிர்ந்தது. பேட்டரி வெள்ளை பூத்துச் செத்திருந்தது. சரி பண்ண ஆன செலவு முப்பத்தெட்டாயிரம். தாத்தா முப்பத்தெட்டு வருஷத்துல ஓட்டிக் கெடுக்காததை நாங்க ஒன்பது வருஷம் 'பத்திரமா' வெச்சுக் கெடுத்தோம். பாய் அன்னிக்குச் சொன்னது: "தம்பி, வண்டி ஓடித் தேயறது தேய்மானம். நின்னு போறது நோய்."

மாமா, இதுக்கு என்ன சொல்றீங்க?

இது வெறும் உணர்ச்சி வசனம் இல்லை. கொஞ்சம் யோசிங்க. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உண்டாகுது. பெரும்பாலும் ஆவியா சைலென்சர் வழியா போயிடும். கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே ஆயில் பக்கம் இறங்கும். ஆயில் நல்லா சூடாகற அளவுக்கு ஓட்டினா அது ஆவியாகி வெளியே போயிடும். கலெக்டர் நண்பர்கள் (மாவட்ட கலெக்டர் இல்லை, வண்டி சேகரிக்கறவங்க) என்ன பண்றாங்க? ஞாயித்துக்கிழமை கவரை எடுத்து, ஸ்டார்ட் பண்ணி, அஞ்சு நிமிஷம் டுப்டுப்னு கேட்டு ரசிச்சு, ஒரு போட்டோ எடுத்து, ஆஃப் பண்ணி மூடிடறாங்க. அந்தத் தண்ணி அத்தனையும் உள்ளேயே தங்கும். ஆயிலைத் திறந்தா பால் கலந்த காபி கலர்ல இருக்கும். வண்டியை வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா அவங்களேதான் கொல்றாங்க, அதுவும் பாசத்தோட.

பெட்ரோல் இப்ப இன்னும் மோசம். 2025 வாக்குல நாடு முழுக்கப் பெட்ரோல்ல 20 சதவீத எத்தனால் வந்தாச்சு. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊற வெச்சுக் கெடுக்கும். நான் பெட்ரோல் ட்யூபையும் கார்புரேட்டர் வாஷரையும் புது ரகமா மாத்திட்டேன், பெரிய செலவில்லை. டேங்க்ல பெட்ரோல் மூணு நாளைக்கு மேல தங்கறதில்லை, அதனால ஈரம் இழுக்க அதுக்கு நேரமும் இல்லை. மூடி வெச்ச வண்டியில மாசக்கணக்கா நிக்குது. அதுவும் எங்க ஏரியா கடல் காத்துல!

சரி, சட்டத்துக்கு வருவோம். என் கோபமெல்லாம் அங்கேதான்.

2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவு தேதியிலிருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் பண்ணாம மூல உருவத்துல இருந்தா, விண்ணப்பிச்சு விண்டேஜ்னு பதிவு பண்ணிக்கலாம். கட்டணம் 20,000. பத்து வருஷம் செல்லும். அப்புறம் புதுப்பிக்க 5,000. நம்பர்ல 'வி.ஏ.'ன்னு ரெண்டு எழுத்து வரும். மாமா இதுவரைக்கும்தான் படிச்சிருக்கார் போல. அதுக்குக் கீழே என்ன இருக்கு? விண்டேஜ்னு பதிவான வண்டியை ரோட்டுல வழக்கமான உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கு, பேரணிக்கு, தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க மட்டும் எடுக்கலாம்.

அதாவது பெட்ரோல் போடப் போகலாம், போட்ட பெட்ரோல்ல காலேஜுக்குப் போகக் கூடாது.

இதுக்குப் பேர் மரியாதையா? வயசான மனுஷனுக்குப் பொன்னாடை போர்த்தி, நாற்காலியில உக்கார வெச்சு, வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொல்றது மாதிரி இருக்கு. இறக்குமதி பண்ணின பழைய காரை வெச்சிருக்கற பணக்காரங்களுக்கு இந்த விதி சௌகரியமா இருக்கலாம், நல்லா இருக்கட்டும். தினம் ஓட்டறவனுக்கு இது வீட்டுக்காவல்.

என் ஆர்.சி. 2021-ல அபராதத்தோட புதுப்பிச்சது. அஞ்சு வருஷம்தான் செல்லும், 2026-ல முடியுது. வண்டி ஐம்பது தாண்டிடுச்சு. ஆக எனக்கு முன்னாடி ரெண்டு வழி. ஒண்ணு, இருபதாயிரம் கட்டி விண்டேஜ் ஆகி, போட்டோவுக்கு நிக்கறது. இன்னொண்ணு, சாதாரண பழைய வண்டியா ஆய்வுக்குக் கொண்டு போய், புகைச் சான்றிதழ் காட்டி, பசுமை வரி கட்டி, இன்னும் அஞ்சு வருஷம் ரோட்டுல ஓடறது. இதுக்கும் 2025 ஆகஸ்ட்ல 20 வருஷம் தாண்டின டூவீலருக்குக் கட்டணத்தை 2,000 ஆக்கிட்டாங்க. முணுமுணுத்துக்கிட்டே கட்டுவேன்.

இப்ப எதிர்க்கட்சிக்காரங்க கேள்விக்கு வரேன்.

அப்பா கேள்வி மைலேஜ். என் வண்டி லிட்டருக்கு 32 குடுக்குது. காலேஜ் கிண்டி பக்கம், போய்வர நாப்பது கிலோமீட்டர். ஒரு நாளைக்கு ஒண்ணேகால் லிட்டர். 60 குடுக்கற புது நூறு சிசி வண்டியா இருந்தா கிட்டத்தட்ட அறுபது ரூபா மிச்சமாகும், வருஷத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். பாய்க்கும் ஸ்பேர் பார்ட்ஸுக்கும் வருஷம் ஒரு பன்னிரண்டாயிரம் போகுது. கூட்டினா இருபத்திரண்டு. புது வண்டிக்கு மாசத் தவணை மூவாயிரம்னே வெச்சுக்குங்க, வருஷத்துக்கு முப்பத்தாறு. அப்பா கால்குலேட்டரை எடுத்தார், போட்டுப் பார்த்தார், திரும்ப வெச்சுட்டார். அதுக்கப்புறம் அந்தப் பேச்சு இல்லை.

வகுப்புத் தோழி ஒருத்தியோட கேள்விதான் கஷ்டமானது. "உன் ரசனைக்கு நாங்க ஏன் புகையைச் சுவாசிக்கணும்?" நியாயம். என் வண்டி இந்தியாவுல புகை விதிகளே இல்லாத காலத்துல செஞ்சது. 2000 மார்ச்சுக்கு முன்னாடி செஞ்ச டூவீலருக்குப் புகைப் பரிசோதனையில கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரைக்கும் விடறாங்க. ரொம்பத் தாராளம். நான் அதுல பாதிக்கும் கீழே வர்ற மாதிரி கார்புரேட்டரை வெச்சிருக்கேன். ஆனாலும் ஒரு கிலோமீட்டருக்கு 2020-க்கு அப்புறம் வந்த வண்டியை விட என்னுது நிச்சயம் அதிகமாத்தான் கக்கும். 'புது வண்டி செய்யறதுலயும் இரும்பு, மின்சாரம் செலவாகுதே'ன்னு ஒரு பதில் இருக்கு, அது பொய்யும் இல்லை. ஆனா அதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு மனசு வரலை. திருவொற்றியூர்லேர்ந்து கிண்டிக்கு நேரா மெட்ரோவே இருக்கு. மழைக்காலத்துல நானும் அதுலதான் போறேன். அவகிட்ட நான் சொன்னது இதுதான்: நான் சுத்தமானவன்னு சொல்லிக்கலை, நீ ஸ்கூட்டரை விட்டுட்டு மெட்ரோவுல வர்ற அன்னிக்கு என்னைத் திட்டு, தலைகுனிஞ்சு கேட்டுக்கறேன். அவ இன்னும் ஸ்கூட்டர்லதான் வர்றா :-)

மூணாவது, பாதுகாப்பு. இதுல நான் வாதாடவே மாட்டேன். 2019 ஏப்ரல்லேர்ந்து 125 சிசிக்கு மேல விக்கற புது பைக் எல்லாத்துக்கும் ஏபிஎஸ் கட்டாயம். என்னுது ரெண்டு பக்கமும் டிரம் பிரேக். ஈரத்துல பிடிச்சா முதல்ல பிடிக்காது, அப்புறம் திடீர்னு பிடிக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி போறப்ப ரெண்டு வண்டி இடம் விட்டுத்தான் போவேன். அந்த இடத்துல ஆட்டோ நுழையும். திரும்ப இடம் விடுவேன். திரும்ப நுழையும். ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரியறதால இருட்டினதுக்கப்புறம் முடிஞ்சவரைக்கும் ஓட்டறதில்லை. போதாக்குறைக்கு வலது கால்ல கியர், இடது கால்ல பிரேக். ஹாஸ்டல் நண்பன் ஒருத்தன் "ஒரு ரவுண்டு குடுடா"ன்னு வாங்கிட்டுப் போய், நிறுத்தறேன்னு வலது காலை அழுத்தினான். ஒரு கியர் ஏறிச்சு. நூலகத்துக்கு முன்னாடி இருந்த செம்பருத்திச் செடி இப்ப இல்லை. அன்னியிலேர்ந்து சாவி யாருக்கும் தர்றதில்லை.

'தினமும் ஓட்டு'ன்னு நான் சொல்றதைக் கேட்டுட்டு யாராவது நாளைக்கே ஒரு பழைய வண்டி வாங்கிடாதீங்க. எல்லாப் பழைய வண்டியும் இதுக்குத் தோதுப்படாது. புல்லட்டோட அந்தப் பழைய இஞ்சின் அரை நூற்றாண்டுக்கு மேல பெரிசா மாறாம வந்ததால எந்தப் பாகமும் ஜி.பி. ரோட்டுல புதுசா கிடைக்கும், இல்லேன்னா புதுப்பேட்டையில பழசா கிடைக்கும். மைசூர் ஜாவா, யெஸ்டி கம்பெனி 1996-ல மூடினது. அதை வெச்சிருக்கற நண்பர் ஒருத்தர் ஒரு கியருக்காக மூணு மாசம் ஊர் ஊரா அலைஞ்சார். அதைத் தினம் ஓட்டுன்னு சொல்ல எனக்கு வாய் வராது.

ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் வண்டிக்கு. பாயின்ட் இடைவெளி, டேப்பட், செயின், ஆயில் அளவு. சீட்டுக்குக் கீழே ஒரு கிளட்ச் கேபிள், ஒரு பிளக், ஒரு செட் பாயின்ட், ஒரு கண்டென்சர் எப்பவும் இருக்கும். இது முடியாதவங்க புது வண்டி வாங்கிக்கறது உத்தமம். சைலென்சரைக் கழட்டிட்டு வெடிச் சத்தம் போடறதைப் 'பழைய வண்டி ரசனை'ன்னு சொல்லிக்கறவங்க சைக்கிள் வாங்கிக்கறது அதை விட உத்தமம். தாத்தா வண்டி வந்தா சத்தம் கேட்டுப் பாட்டி காபி போட ஆரம்பிப்பாங்களாம். தெருவே காதைப் பொத்திக்கிட்டதா யாரும் சொன்னதில்லை.

இத்தனை தொல்லைக்கு என்னதான் கிடைக்குதுன்னு கேட்டா, காலையில சாவியைப் போட்டு, ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கிட்டே கிக்கரை மெதுவா அழுத்துவேன். முள் நடுவுக்கு வரும். டீகம்ப்ரசரை இழுத்து இன்னும் ஒரு துளி தள்ளி, விட்டுட்டு, ஒரே மிதி. தப்பா மிதிச்சா திருப்பி உதைக்கும், கணுக்கால்ல சாட்சி இருக்கு. இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் குடுக்கத் தாத்தா இல்லை. அவர் நோட்டுல கடைசிப் பக்கத்துல அம்புக்குறி போட்டு எழுதி வெச்சிருந்தார், அதைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன். வண்டி கவருக்குள்ளேயே இருந்திருந்தா அந்தப் பக்கத்தைப் புரட்டியே இருக்க மாட்டேன்.

மாமா கல்யாணத்துல விலையும் கேட்டார். "யோசிச்சுச் சொல்லு மாப்ளே, நல்ல பார்ட்டி கையில இருக்கு." அந்த பார்ட்டி ஓட்டுவாராம்மான்னு அம்மாகிட்ட விசாரிச்சேன். வீட்டு ஹால்ல வெப்பாராம், சோபாவுக்குப் பக்கத்துல.

அடுத்த வாரம் ஆய்வுக்கு நாள் குடுத்திருக்காங்க. ஹார்ன் மட்டும் கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கு, சனிக்கிழமை பாய்கிட்ட விடணும்.