பரிணாமப் பாடம் சுமையா?

2023-இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் வெறும் 'மரபு' என்று சுருங்கிவிட்டது. நரம்பு, ஹார்மோன் பாடங்கள் அப்படியே இருக்க, பரிணாமம் மட்டும் வெளியேறியது. 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். நீக்கத்துக்குச் சொல்லப்படும் மூன்று நியாயங்களும் நிற்காதவை.

முதலாவது: பிளஸ் டூவில் படித்துக்கொள்ளலாம் என்பது. யார் படிப்பார்கள்? உயிரியல் எடுப்பவர்கள் மட்டும். வணிகவியலுக்கும் கலைப் பிரிவுக்கும் போகிறவர்கள் பத்தாம் வகுப்போடு உயிரியலுக்கு முழுக்குப் போடுகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் அறிவியல் படிக்கும் கடைசி வகுப்பு அதுதான்.

இரண்டாவது: சுமை குறைகிறது என்பது. கூடுகிறது என்பதே உண்மை. இன்சுலின் என்ற ஹார்மோனை எடுத்துக்கொள்ளுங்கள். 1922 ஜனவரியில் டொரன்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயது நீரிழிவுச் சிறுவனுக்கு இன்சுலின் அடங்கிய மாட்டுக் கணையச் சாற்றை ஊசியில் ஏற்றினார்கள், பிழைத்தான். மாட்டின் ஹார்மோன் மனிதனுக்கு எப்படிப் பொருந்தியது? மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். மாட்டினுடையது அதிலிருந்து மூன்று இடங்களில் வேறுபடுகிறது, பன்றியினுடையது ஒரே இடத்தில். இந்த நெருக்கம் பொது மூதாதை விட்டுச் சென்ற சொத்து.

நரம்பிலும் இதே கதை. குரல்வளைக்குப் போகும் இடப்பக்க நரம்பு, கழுத்தைக் கடந்து மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு திரும்ப மேலேறுகிறது. ஒட்டகச்சிவிங்கியிடம் இந்தச் சுற்று பல மீட்டர். மீன் மூதாதையரின் உடலில், செவுளுக்குப் போன நரம்புக்கு அது நேர்வழி. பிறகு கழுத்து நீண்டது, இதயம் கீழிறங்கியது, நரம்பும் கூடவே இழுபட்டது. இந்தக் காரணத்தைச் சொல்லாவிட்டால் மாணவருக்கு மிஞ்சுவது மனப்பாடம்தான்.

மூன்றாவது: குரங்கு மனிதனாக மாறியதை யாரும் பார்த்ததில்லை என்பது. நீக்கத்துக்கு முன்பே, 2018-இல், மத்திய இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங்கே இதைச் சொன்னார். இன்றைய குரங்கு மனிதனாகும் என்று பரிணாமம் சொல்லவே இல்லை. மனிதனும் சிம்பன்சியும் ஏறத்தாழ 60-70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவர்கள். கண்ணெதிரே பார்க்க வேண்டுமென்றால் காசநோய்க் கிருமியைப் பாருங்கள். மருந்தைப் பாதியில் நிறுத்தினால், மருந்தைத் தாக்குப்பிடித்த கிருமிகள் பெருகி, அதே மருந்துக்கு அடங்காத நோயாகின்றன. மாத்திரையை ஏன் முழுமையாகச் சாப்பிட வேண்டும் என்பதற்கு விடையே பரிணாமம்தான்.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் நரம்பு மண்டலமும் ஹார்மோன்களும் பரிணாமமும் ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. என்.சி.இ.ஆர்.டி. நூலைப் படிக்கும் சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கும் பரிணாமப் பாடம் திரும்ப வேண்டும்.