‘கடைசி’ என்றொரு அடைமொழி

ஒரு விருது கொடுத்திருக்கிறார்கள். யாருக்கு, யார் கொடுத்தது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கும் நஷ்டமில்லை. நேர்காணல் கலைக்கான விருதாம். விருது எங்களை உறுத்தவில்லை. அதற்கு வக்காலத்து வாங்கி ஓர் ஏட்டில் வந்த கட்டுரைதான் உறுத்துகிறது. பேட்டி கொடுத்தவர் பிற்பாடு உயிரை மாய்த்துக்கொண்டால் கேமரா எப்படிக் காரணமாகும் என்று கேட்கிறது அது. முகம் கோணலானால் கண்ணாடியை உடைப்பதா என்கிற அதே பழைய பல்லவி. போகிற போக்கில் உதாரணத்துக்கு அரியலூரையும் இழுத்துவிட்டார்கள். பக்கத்தில் பெரம்பலூரில் உட்கார்ந்து பத்திரிகை நடத்துகிறவர்கள் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

செந்துறை வட்டம் குழுமூர் அனிதாவைத்தான் சொல்கிறார்கள். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176. பழைய கணக்கில் மருத்துவத்துக்கு 196.75 கட்-ஆஃப். புதிய கணக்கான நீட் நுழைவுத் தேர்வில் 720க்கு 86. உச்ச நீதிமன்றம் வரை போனார். நீட் அடிப்படையிலேயே சேர்க்கை என்று 2017 ஆகஸ்ட் 22 அன்று முடிவாயிற்று. செப்டம்பர் 1 அன்று அவர் இல்லை. வயது 17.

அதற்கு முன்னால் அவர் கேமராக்களுக்கு முன் நின்று பேசியிருந்தார். ஒரு சீட்டுக்காகப் பேசினார். அழுகைக்காகப் பேசவில்லை, படித்தேன், மதிப்பெண் வாங்கினேன், என் இடம் எங்கே என்று கேட்டார். அவர் இறந்தபின் அதே காட்சிகள் ‘கடைசிப் பேட்டி’ என்ற பெயரில், சோக இசை கோத்து, திரும்பத் திரும்ப ஓடின. இன்றும் செப்டம்பர் பிறந்தால் யாராவது தூசி தட்டி எடுத்து ஓடவிடுகிறார்கள்.

அந்தக் ‘கடைசி’யில்தான் எங்களுக்குச் சிக்கல். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம் என்பார்கள். தொங்கத்தான் போகிறோம். பதிவான நிமிடத்தில் அது கடைசிப் பேட்டி இல்லை, வெறும் பேட்டி. அதில் ஒரு கேள்வி இருந்தது, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் சென்னையிலும் டெல்லியிலும் இருந்தார்கள். ‘கடைசி’ என்று ஒட்டியதும் கோரிக்கை வாக்குமூலமாகிவிடுகிறது. பதில் சொல்லவேண்டியவன் கண் கலங்கினால் போதும் என்றாகிவிடுகிறது. உயிரோடிருந்த பெண் எதற்குச் சம்மதித்து மைக் முன் நின்றாளோ, அந்தச் சம்மதம் எதுவரை செல்லும்? நியாயம் கேட்கக் கொடுத்த சம்மதத்தை ஒப்பாரிக்கும் செலவழிக்கலாமா? ஆடித் தள்ளுபடிக்கும் கடைசி நாள் என்றுதான் போடுகிறார்கள். சரக்கு நகர்வதற்கான சொல் அது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். ஊடகப் பொறுப்பு பேசுகிறோம் என்கிற பெயரில் நீட்டைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட நாங்கள் தயாராக இல்லை. அப்படி இறக்கிவிடவே சிலருக்கு இந்தப் பேச்சு தேவைப்படுகிறது என்பதும் தெரியும். எந்தச் சாவையும் ஒற்றைக் காரணத்தில் அடக்க முடியாது என்பதும் தெரியும். நாங்கள் கேட்பது வேறு. காரணம் யார் என்பது ஒரு கேள்வி. பொறுப்பு யாருடையது என்பது இன்னொரு கேள்வி. கட்டுரையாளர் முதலாவதற்குப் பதில் சொல்லிவிட்டு இரண்டாவதையும் முடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இந்திய அரசியலுக்குக் கற்றுக்கொடுத்ததே அரியலூர்தான். 1956 நவம்பர் 23. மருதையாற்றில் வெள்ளம். பாலத்தருகே தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். கரையை அரித்தது அவரா? மழையை வரவழைத்தது அவரா? அதே ஆண்டு மகபூப்நகர் விபத்துக்குப் பின் அவர் கொடுத்த விலகலை நேரு ஏற்கவில்லை, இதை ஏற்றார். மந்திரிதான் காரணம் என்று நினைத்து ஏற்கவில்லை, ஒரு முன்மாதிரி வேண்டும் என்பதற்காகவே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கவும் செய்தார். துணை மந்திரி அழகேசன் பெயரை எதுகையில் பூட்டி நம் மேடைகள் எத்தனை காலம் முழங்கின என்பது பழைய ஆட்களுக்கு ஞாபகமிருக்கும். அடுத்த ஆண்டே தேர்தல் முடிந்து சாஸ்திரி திரும்பவும் மந்திரியானாரே என்று இடக்குப் பேசுவார்கள். ஆகட்டும். காரணமாக இல்லாதவனும் பொறுப்பேற்கலாம் என்பதை அவர் காட்டிவிட்டார். (2007இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் மறுபடி தனி மாவட்டமானதும் ஒரு நவம்பர் 23தான். தேதி பார்த்தவர்களுக்கு இது நினைவிருந்ததா என்று எங்களுக்கு நெடுநாள் சந்தேகம்.)

வெளிநாட்டைப் பார் என்று கட்டுரை சொல்கிறது. பார்ப்போம். 2006 செப்டம்பரில் அமெரிக்காவின் புளோரிடாவில், குழந்தையைக் காணாமல் தவித்த ஓர் இளம் தாயை சி.என்.என். ஹெட்லைன் நியூஸ் தொலைபேசியில் குறுக்கு விசாரணை செய்து பதிவு செய்தது. மறுநாள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். பேட்டி அன்று மாலையே ஒளிபரப்பானது, திரையில் இறப்புச் செய்தியோடு. இங்கிலாந்தில் 2019 மே மாதம் ‘ஜெரமி கைல் ஷோ’வில் உண்மை கண்டறியும் சோதனைக்கு உட்பட்டவர் சில நாளில் இறந்தார். ஐ.டி.வி. அந்தப் பகுதியை ஒளிபரப்பவில்லை. 14 வருடம் ஓடிய நிகழ்ச்சியையே இழுத்து மூடியது. 2024இல் முடிந்த மரண விசாரணை, நிகழ்ச்சிக்கும் சாவுக்கும் தெளிவான காரணத் தொடர்பு இல்லை என்றது. கட்டுரையாளர் இந்தத் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு துள்ளுகிறார். காரணம் உண்டா இல்லையா என்று முடிவாவதற்கு ஐந்து வருடம் முன்பே நிகழ்ச்சி மூடப்பட்டதை அவர் கவனிக்கவில்லை. பங்கேற்பாளர் நலனுக்கென்று அந்நாட்டு ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2021இல் விதிகளைத் திருத்தியதும் கண்ணில் படவில்லை.

நம்மிடம் என்ன இருக்கிறது? தற்கொலைச் செய்திகளை எழுதுவது பற்றி உலக சுகாதார நிறுவனம் வகுத்ததை ஒட்டி இந்திய பத்திரிகை கவுன்சில் 2019 செப்டம்பரில் நெறிமுறை வெளியிட்டது. அச்சுக்குத்தான் அது, தொலைக்காட்சி அதன் கைக்கு எட்டாது. வியன்னாவின் சுரங்க ரயிலில் 1980களில் இப்படிப்பட்ட சாவுகள் பெருகியபோது, பத்திரிகைகள் 1987இல் எழுதும் விதத்தை மாற்றிக்கொண்டன. எண்ணிக்கை சட்டென்று இறங்கியது. எழுத்து ஆளைக் கொல்லுமா என்று கேட்கிறவர்கள் இதையும் படிக்கட்டும். 2020 செப்டம்பரிலும் 2021 செப்டம்பரிலும் இதே அரியலூர் மாவட்டத்தில் மேலும் இரண்டு வீடுகளில் நீட்டை ஒட்டி இழவு விழுந்தது. ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று நாங்கள் முடிச்சுப் போடவில்லை. முடிச்சுப் போடாமலே கவனமாக இருந்திருக்கலாம் என்கிறோம்.

சரி, சிற்றிதழ்க்காரனுக்கு என்ன யோக்கியதை? எங்களுக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. 1984இல் கவிஞர் ஆத்மாநாம் போனபோது நாங்கள் செய்தது என்ன? அமைப்பியல் புதிதாக வந்திறங்கிய காலம். ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதிதான் மிச்சம் என்று டீக்கடையில் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தோம். ஆசிரியன் நிஜமாகவே இறந்ததும் பிரதியை மூடிவிட்டு, ஒவ்வொரு வரியிலும் முன்னறிவிப்பு தேட ஆரம்பித்தோம். நகரத்தையும் அதிகாரத்தையும் அத்தனை கூர்மையாகக் கேலி செய்தவரைச் சாவின் கவிஞராக்கி வைத்தோம். அவர் கவிதையில் சிரிப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க எங்களில் சிலருக்கு இருபது வருடம் பிடித்தது. ‘கடைசிக் கவிதை’ என்று தலைப்புப் போட்டு அடுத்த இதழுக்குச் சந்தா சேர்த்தவர்களும் நம்மவர்களே. அலைவரிசைக்காரர்கள் எங்களிடம் கற்றுக்கொண்டிருக்க வாய்ப்பில்லை, எங்களைப் படித்தால்தானே.

ஆக, ‘கடைசி’ வியாபாரத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு. அதனால்தான் கோபம் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

ஆகஸ்ட் 22க்கும் செப்டம்பர் 1க்கும் இடையில் பத்து நாள். பேட்டி எடுத்தவர்களில் எத்தனை பேர் கேமரா இல்லாமல் அந்த வீட்டுக்கு ஒரு போன் போட்டார்கள்? கெட்டிக்காரக் கேள்விகளுக்கு விருது தருகிறவர்கள் இந்தக் கேள்விக்கும் ஒரு நாள் இடம் ஒதுக்கலாம். 104 என்ற உதவி எண்ணைத் திரையின் அடியில் எறும்பு எழுத்தில் ஓடவிட்டு, மேலே அழுகையை முழுத்திரைக்கு விரிப்பதைப் பொறுப்பு என்று நாங்கள் ஏற்கவில்லை.

அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அதன் கலையரங்கத்துக்கு அனிதாவின் பெயர்.

விருதைத் திருப்பிக் கொடுங்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. மேடை, மாலை, பொன்னாடை எல்லாம் இருக்கட்டும். உங்கள் காப்பகத்தில் இருக்கும் அந்தப் பேட்டியின் தலைப்பிலிருந்து ‘கடைசி’யை எடுத்துவிடுங்கள். இசையையும் எடுத்துவிடுங்கள். அவர் கேட்டது மட்டும் இருக்கட்டும்.